காலியாய் இருந்த ஆசனம்: காங்கேசன்துறைத் தொகுதியின் தேர்தற் சரித்திரம்

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி, நகுலேசுவரப் பெருமானை வணங்கி, மாவிட்டபுரம் கந்தசுவாமியார் சந்நிதியை அடையும் அடியார்கள் யாவரும் அறிந்த ஐதிகம் ஒன்றுண்டு. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் நீங்கிய இடம் மாவிட்டபுரம். அவள் எடுப்பித்த ஆலயத்துக்கெனக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை. அவ்வூர்ப் பெயரைத் தாங்கி 1931 ஆம் ஆண்டு தொடக்கம் 1989 ஆம் ஆண்டு வரை ஒரு தேர்தற் றொகுதி இருந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள். அத்தொகுதியின் சரித்திரத்தையே இம்மலரில் நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

தேர்தற் சரித்திரம் என்றவுடன், யார் நின்றார், யார் வென்றார், எத்தனை வாக்கு மேலதிகம் என்று அட்டவணை போடுவது வழக்கம். அவ்வட்டவணை வேண்டுவோர்க்குத் தேர்தல் திணைக்களத்தின் அறிக்கைகள் உள. நாம் சொல்லக் கருதியது வேறு. இத்தொகுதியின் ஆசனம், சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஒருவரும் அமராது காலியாகக் கிடந்தது. இலங்கையில் வேறு தொகுதிகளும் காலியாக இருந்ததுண்டு. எனினும், வாக்களித்த நாள்களைப் போலவே வாக்களியாத நாள்களும் ஓர் ஊரின் மனத்தைக் காட்டும் என்பதற்குக் காங்கேசன்துறையைப் போல் வேறோர் இடத்தை நாம் அறியோம்.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சின்படி 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆடவர் பெண்டிர் அனைவரும், படித்தவரும் படியாதவரும், காணியுள்ளவரும் இல்லாதவரும், வாக்காளராயினர். ஆங்கில நாட்டுப் பெண்களே ஆடவருக்குச் சமமான வாக்குரிமையை 1928 இலேதான் பெற்றனர் என்பதை எண்ணும்போது இதன் பெருமை விளங்கும். குடாநாட்டுக்கு நான்கு தொகுதிகள் வகுக்கப்பட்டன: யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை. கிடைத்தற்கரிய உரிமை வாசற்படிக்கு வந்து நின்றது. வாசலைத் திறப்பாரில்லை. நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டிய தினத்தில் இந்நான்கு தொகுதிகளிலும் ஒருவர்தானும் முன்வரவில்லை.

இதனைச் செய்தவர்கள் இளைஞர்கள். 1924 இல் மாணவர் மாநாடாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியப் பெருமக்களின் வழிகாட்டலில், ஏழே ஆண்டுகளில் குடாநாட்டு அரசியலைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. 1927 இல் மகாத்மா காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. பூரண சுயராச்சியம் தராத அரசியற்றிட்டம் எமக்கு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அனுபவமுள்ள அரசியல்வாதிகள் பலர் தேர்தலுக்கு நிற்க ஆயத்தமாயிருந்தும், பகிஷ்காரக் குரலை எதிர்த்து வெளியே வரத் துணியவில்லை. தலைக்குமேல் வெள்ளம் வந்தபின் சாண் என்ன முழம் என்ன என்பது போல, பெரியவர்களும் இளைஞர் வழியே போயினர்.

இங்கே சங்க உறுப்பினராகிய இளைஞர்கள் சற்று நின்று சிந்தித்தல் நன்று. அந்த வாலிபர்கள் சாதி வேற்றுமையைக் கண்டித்தவர்கள். இலங்கையர் யாவரும் ஒன்று என்று நம்பியவர்கள். தாம் காட்டிய வழியைத் தென்னிலங்கைத் தலைவர்களும் பின்பற்றுவர் என எதிர்பார்த்தனர். தென்னிலங்கையிலிருந்து பாராட்டு வந்தது, பகிஷ்காரம் வரவில்லை. அங்கே தேர்தல் நடந்தது, சபை கூடியது, மந்திரிமார் தெரிவுசெய்யப்பட்டனர், புதிய ஆட்சிமுறையின் நெளிவுசுளிவுகளை மற்றையோர் பழகிக்கொண்டனர். குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் மாத்திரம் வெறுமையாய் இருந்தன. சில காலத்துக்குள்ளேயே தேர்தல் வைக்கவேண்டும் என்ற குரல் இங்கிருந்தே எழுந்து, 1934 இல் தேர்தல் வந்தது. கொள்கைக்காக இழந்தது என்று அந்த மூன்றாண்டுகளைப் போற்றுவாரும் உளர். வீணே இழந்தது என்று வருந்துவாரும் உளர். எமது கருத்து இதுவே: அவர்கள் கேட்டது நியாயம், ஆனால் பக்கத்து வீட்டார் தம்மோடு எழுந்து வருவாரோ என்று விசாரியாமல் புறப்பட்டது குறையே. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அந்த ஆசனத்தை வெறுமையாக்கியவர்கள் இவ்வூர்த் தமிழரேயன்றிப் பிறரல்லர்.

1934 இல் காங்கேசன்துறைக்குத் தெரிவானவர் திரு. சு. நடேசபிள்ளை அவர்கள். தமிழகத்திலிருந்து வந்து, சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் மருகராகி, அப்பெருமகன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். (அக்கல்லூரி இருந்த வளவிலேயே 1974 இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது.) தமிழறிஞர், சைவப் பற்றுடையவர். அரசாங்க சபைக் காலத்தில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம் ஒதுக்கப்படும்; எழுத்தறியாதவரும் நிறம் பார்த்து வாக்களிக்கலாம். அக்காலம் முடியும் வரை காங்கேசன்துறைக்கு நடேசபிள்ளை அவர்களே உறுப்பினர்.

சோல்பரி யாப்பின்கீழ் 1947 இல் பாராளுமன்றம் வந்தபோது குடாநாட்டுத் தொகுதிகள் நான்கு ஏழாயின. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் அபேட்சகராக வந்து வென்றவர் திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம். மலாயாவில் ஈப்போ நகரில் 1898 இல் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற நியாயவாதி. ஆரவாரப் பேச்சு அவரிடம் இல்லை. 1948 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் அரசாங்கத்தில் மந்திரியானதும், மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதும் காங்கிரசைப் பிளந்தன. 1949 டிசம்பர் 18 ஆம் நாள் செல்வநாயகம் அவர்களும் தோழர்களும் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினர். தம் தொகுதியில் ஒரு வாக்குத்தானும் இல்லாத தோட்டத் தொழிலாளருக்காக ஒருவர் தம் கட்சியை விட்டு வெளியேறினார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தொகுதி மக்கள் உடனே அவரைப் பின்பற்றினர் என்று எண்ணற்க. 1952 மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நடேசபிள்ளை அவர்கள் 15,337 வாக்குகளும், செல்வநாயகம் அவர்கள் 11,571 வாக்குகளும் பெற்றனர். தமிழரசுக் கட்சியின் தலைவர் தம் சொந்தத் தொகுதியிலேயே 3,766 வாக்குகளாற் றோற்றார். கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை கோப்பாய், திருகோணமலை ஆகிய இரண்டே ஆசனங்கள். சமஷ்டி என்ற சொல் அப்பொழுது பலருக்கு விளங்கவுமில்லை. விளங்கியவர்க்கும் அது அவசியமாகத் தோன்றவில்லை. கொழும்பு அரசாங்கத்தோடு இணைந்து நின்றால் காரியம் கைகூடும் என்பதே பலர் எண்ணம். நடேசபிள்ளை அவர்கள் மந்திரியாகவும் ஆனார்.

செல்வநாயகம் அவர்கள் கிறிஸ்தவர் என்பதே 1952 தோல்விக்குக் காரணம் என்று கூறுவாருளர். நகுலேசுவரமும் மாவிட்டபுரமும் உள்ள தொகுதியில், சைவப் பெருமகனார் ஒருவரை எதிர்த்து நின்றபோது அது பேசப்படாதிருந்திராது. ஆயினும் அதுவே காரணம் என்பது பொருந்தாது. அதே சைவ மக்கள் அதே கிறிஸ்தவரை 1947 இலும் தெரிந்தனர். 1956 இலும், 1960 இல் இருமுறையும், 1965 இலும், 1970 இலும் தெரிந்தனர். சைவர்களாகிய நாம் இதனை மகிழ்ச்சியோடு குறித்துவைக்கலாம்.

1952 இல் விளங்காத சொல்லை 1956 விளங்கவைத்தது. தனிச் சிங்களச் சட்டம் வருகிறது என்றவுடன் இணைந்து நிற்கும் அரசியலுக்கு இங்கே இடமில்லாமற் போயிற்று. அதன் பின்னர் பதினான்கு ஆண்டுகள் காங்கேசன்துறைத் தேர்தல் முடிவு பற்றி ஒருவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆதலால் நாமும் விரைந்து கடக்கலாம். பண்டாரநாயக்காவோடு 1957 இலும், டட்லி சேனநாயக்காவோடு 1965 இலும் ஒப்பந்தங்களிற் கையெழுத்திட்டவர் காங்கேசன்துறை உறுப்பினரே. முதலாவது ஒப்பந்தம் 1958 ஏப்ரலிற் கிழித்தெறியப்பட்டது. இரண்டாவது நிறைவேறாமலே கிடந்து போயிற்று. 1961 இற் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் நடந்தபோது இதே உறுப்பினர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். 1959 இல் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. அதே காலத்தில் தொகுதிகள் மறுபடியும் பிரிக்கப்பட்டன. எனவே 1952 இன் தொகையையும் பிற்காலத் தொகைகளையும் ஒப்பிடுவோர் இரண்டும் ஒரே எல்லைக்குட்பட்ட தொகுதியல்ல என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்தில் எமக்கு மகிழ்ச்சி தராத ஒன்றையும் கூறாமற் செல்லுதல் முறையன்று. 1968 இல் மாவிட்டபுரம் ஆலயத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடக் கேட்டபோது வாசல் மறிக்கப்பட்டது. மறித்தவர்களுக்கு முன்னின்றவர் முன்னாள் மந்திரியும் கணிதப் பேராசிரியருமாகிய சி. சுந்தரலிங்கம் அவர்கள். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கும் நடந்தது. தொகுதியின் உறுப்பினரும் அவர் கட்சியும் இதில் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும் என்ற குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. கிறிஸ்தவராகிய தாம் கோயில் விஷயத்தில் தலையிடுவது முறையோ என்ற தயக்கம் அவருக்கு இருந்ததென்பர். தயக்கத்தின் காரணம் எமக்கு விளங்குகின்றது. ஆனால் வாசலில் நின்றவர்களும் அவருடைய வாக்காளரே. 1970 மே மாதத் தேர்தலிற் சுந்தரலிங்கம் அவர்கள் காங்கேசன்துறையிலேயே சுயேச்சையாக நின்றார், தோற்றார். செல்வநாயகம் அவர்கள் 13,520 வாக்குகளோடு வென்றார். கோயிலை மறித்தவரை மக்கள் தெரியவில்லை என்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

இனி, இச்சரித்திரத்தின் நடுநாயகமான பகுதி. 1972 மே 22 ஆம் நாள் இலங்கை குடியரசாயிற்று. புதிய யாப்பு ஒற்றையாட்சியை உறுதிசெய்து, சிங்களத்தை அரசகரும மொழியாக நிலைநிறுத்தி, புத்த சமயத்துக்கு முதன்மை அளித்தது. தமிழர் பிரதிநிதிகள் கொடுத்த திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 3 ஆம் நாள், செல்வநாயகம் அவர்கள் சபையில் எழுந்து தம் ஆசனத்தை இராஜிநாமாச் செய்தார். இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றார்களா என்பதைத் தம் தொகுதியிலேயே கேட்டுப் பார்க்கலாம், அரசாங்கம் தன் அபேட்சகரை நிறுத்தட்டும் என்பது அவர் விட்ட அறைகூவல்.

பாராளுமன்ற ஆட்சிமுறையை எமக்குத் தந்த நாட்டில் இது புதிதல்ல. ஓர் ஆசனம் காலியானால் சில மாதங்களுள் இடைத்தேர்தல் வைப்பது அங்கே வழக்கம். அதனை ஒரு பெரிய வினாவாக மாற்றுவதும் வழக்கம். ஸ்கொத்லாந்தில் ஹமில்ரன் என்னும் தொகுதியில் 1967 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், தொழிற்கட்சியின் கோட்டையாயிருந்த அவ்விடத்தில், ஸ்கொத்லாந்து தேசியக் கட்சியின் வினி யூவிங் அம்மையார் வென்றார். ஸ்கொத்லாந்துக்குத் தனியாட்சி வேண்டும் என்ற பேச்சை இலண்டன் பொருட்படுத்தத் தொடங்கியது அதன் பின்னரே. அம்மையார் 1970 பொதுத்தேர்தலில் அவ்வாசனத்தை இழந்தார்; ஹமில்ரன் தொகுதியும் 1997 இல் எல்லை மாற்றத்தில் மறைந்து போயிற்று. ஆயினும் கேட்ட கேள்விக்கு ஸ்கொத்லாந்தில் ஒரு பதில் உரிய காலத்திற் கிடைத்தது.

காங்கேசன்துறையில் அவ்வாறில்லை. அவசரகாலச் சட்டம் அமுலில் இருப்பதைக் காட்டித் தேர்தல் பின்போடப்பட்டது. மாதங்கள் ஆண்டுகளாயின. அந்தக் காலத்தில் நடந்தவற்றை நினைவுகூர்வோம். பல்கலைக்கழக அனுமதியிற் றரப்படுத்தலால் எமது பிள்ளைகள் மனம் வெதும்பியிருந்தனர். 1974 ஜனவரி 10 ஆம் நாள் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி இரவில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் பலியாயின. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் உரும்பிராய் இளைஞர் சிவகுமாரன் நஞ்சருந்தி இறந்தார். இவை நிகழ்ந்த நாள்களிலெல்லாம் காங்கேசன்துறை மக்கள் சார்பிற் சபையில் எழுந்து பேச ஒருவருமில்லை. வாக்குச்சீட்டினாற் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விடாமல் ஒரு தலைமுறை இளைஞரைக் காக்கவைத்தால், அவர்கள் வாக்குச்சீட்டின்மேல் வைத்த நம்பிக்கை என்னாகும்? பின்னாளில் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இவ்வொரு தாமதமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்து இளைஞர் மனத்தை அறிய விரும்புவோர் இந்த இரண்டு வருடம் நான்கு மாதத்தை விட்டுவிட்டு அறிய முடியாது.

1975 பெப்ரவரி 6 ஆம் நாள் தேர்தல் வந்தது. செல்வநாயகம் அவர்களுக்கு வயது எழுபத்தாறு. பார்க்கின்சன் நோயினால் உடல் நடுங்கும்; செவி மந்தம்; குரல் மிக மெலிந்துபோயிற்று. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வீ. பொன்னம்பலம் அவர்கள். ஆளும் கூட்டணியின் பக்கத்திலிருந்து வந்தவராயினும், தொகுதியில் இடதுசாரி இயக்கத்தை வளர்த்தவர், மதிக்கத்தக்கவர். முடிவு: செல்வநாயகம் 25,927, பொன்னம்பலம் 9,457, மேலதிகம் 16,470. அவர் அதுவரை இத்தொகுதியிற் பெற்ற வெற்றிகளிலெல்லாம் இதுவே பெரிது. தமிழ் மக்கள் தம் இறைமையைத் தாமே மீட்டுக்கொள்ள விரும்புகின்றனர் என்பதற்கு இது ஆணை என்று வென்றவர் அறிவித்தார். 1972 இற் கேட்ட கேள்வி யாப்பைப் பற்றியது; 1975 இல் வந்த பதில் தனிநாட்டைப் பற்றியதாய் வளர்ந்துவிட்டது. இடையிற் கடந்த காலம் கேள்வியையே மாற்றிவிட்டது. தோற்றவராகிய பொன்னம்பலம் அவர்களும் சில ஆண்டுகளிற் றம் கட்சியை விட்டு விலகித் தமிழர் உரிமை பேசும் பக்கம் வந்து சேர்ந்தார் என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

1976 மே 14 ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26 ஆம் நாள் செல்வநாயகம் அவர்கள் மறைந்தார். ஜூலை 21 ஆம் நாள் பொதுத்தேர்தலில் அவருடைய இடத்துக்கு வந்தவர் திரு. அ. அமிர்தலிங்கம், 1956 முதல் 1970 வரை வட்டுக்கோட்டையின் உறுப்பினராயிருந்தவர். காங்கேசன்துறை அவருக்கு 31,155 வாக்குகள் அளித்தது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு ஆசனங்கள் கிடைத்தமையால் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். தமிழர் ஒருவர் அப்பதவியை வகித்தது அதுவே முதன்முறை. தொகுதி முறையில் காங்கேசன்துறை கண்ட கடைசித் தேர்தலும் அதுவே.

1982 டிசம்பரிற் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றினாற் பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது. 1983 ஜூலையிற் கலவரம். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம். பிரிவினையை ஆதரியேன் என்று சத்தியஞ் செய்தாலன்றிச் சபையில் அமர முடியாது. கூட்டணி உறுப்பினர் சத்தியஞ் செய்யவில்லை; அவ்வாண்டு அக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். 1988 டிசம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காங்கேசன்துறை ஆசனம் வெறுமையாகவே இருந்தது. 1931 இல் ஊரார் தாமே விலகி நின்றனர். 1972 இல் உறுப்பினர் விலகி ஊராரைக் கேட்டார், அரசாங்கம் காலந்தாழ்த்தியது. இம்முறையோ ஆசனத்தைப் பறித்தது சட்டம். நிரப்பும்படி ஊராரை ஒருவரும் கேட்கவுமில்லை.

1989 பெப்ரவரித் தேர்தல் விகிதாசார முறையில், மாவட்டம் முழுவதற்குமாக நடந்தது. பழைய பதினொரு தொகுதிகளும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் ஒடுங்கின. அமிர்தலிங்கம் அவர்கள் அவ்வாண்டு ஜூலை 13 ஆம் நாள் கொழும்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் போரினாற் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. ஆசனம் போனபின் வாக்காளரும் போயினர். தெல்லிப்பழையிலும் மயிலிட்டியிலும் பிறந்தவர்கள் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துகொண்டு, கால் வைக்க முடியாத ஊரின் பெயரில் வாக்களித்த தேர்தல்கள் பல. 2009 இற் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. புகையிரதம் 2015 ஜனவரியில் மறுபடியும் காங்கேசன்துறைக்கு வந்தது. வீடு இருந்த இடத்தைக் கிணற்றைக் கொண்டு அடையாளங் கண்டவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கின்றனர்.

2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் ஆறு ஆசனங்கள். தேர்தல் முடிவு வெளியாகும் இரவில் வானொலிப் பெட்டியின் அருகில் இருப்போர், காங்கேசன்துறை என்ற பெயரை இன்றும் கேட்கலாம். வாக்கெண்ணும் வசதிக்காகப் பழைய தொகுதி எல்லையை அப்படியே வைத்திருக்கின்றனர். கட்சி கட்சியாகத் தொகைகள் வாசிக்கப்படும். பதிவான வாக்கு, நிராகரிக்கப்பட்ட வாக்கு என்று எல்லாம் சொல்லப்படும். வென்றவர் பெயர் மாத்திரம் வராது.